மலையிறங்கும் சுமையிலிருந்து மின்சாரம்: சுவிட்சர்லாந்தின் 'இ-டம்பர்' குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மின்சார லாரி ஓடும்போது புகை விடுவதில்லை என்பது எவரும் கண்ணால் காணக்கூடிய உண்மை. ஆனால் அது எவ்வளவு கரியமில வாயுவைக் குறைக்கிறது என்ற கேள்விக்கு, வண்டியை மட்டும் பார்த்து விடை சொல்லிவிட முடியாது. வண்டி எந்தப் பாதையில் ஓடுகிறது, சுமையோடு ஏறுகிறதா இறங்குகிறதா, அதற்கு வந்து சேரும் மின்சாரம் எதிலிருந்து பிறக்கிறது என்பவையே விடையைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றும் ஒரே இடத்தில் மிகத் தெளிவாக வெளிப்பட்ட நிகழ்வு, சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்கு அருகே பேரி என்ற ஊரில் இயங்கும் 'சிமான் விஜியே' சிமெண்ட் ஆலையின் சுரங்கத்தில், 2018இல் பணிக்கு வந்த 'இ-டம்பர்' என்ற மின்சாரச் சுரங்க லாரியாகும். தான் செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வண்டி என்ற பெயரோடு அது உலகச் செய்திகளில் இடம்பெற்றது. அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது, உண்மையான சுற்றுச்சூழல் ஆதாயம் எங்கிருந்து வந்தது, அந்த ஆதாயத்தை வேறோர் இடத்திற்கு எடுத்துச் செல்ல இயலுமா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுரங்கமும் பாதையும்

பேரி ஊர் ஜூரா மலைத்தொடரில் உள்ளது. சிமெண்ட் தயாரிப்பதற்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லும், களிமண் கலந்த சுண்ணாம்புப் பாறையும் அங்கே மலையின் மேற்பகுதியில் வெட்டி எடுக்கப்படுகின்றன. அவற்றைக் கொட்ட வேண்டிய இடம் கீழே இருக்கிறது. எனவே சுரங்க லாரி வெறுமையாக மேலே ஏறி, பாறையை ஏற்றிக்கொண்டு, முழுச் சுமையுடன் கீழே இறங்குகிறது. பாதையின் சரிவு சுமார் 13 விழுக்காடு, அதாவது 100 மீட்டர் நகர்ந்தால் 13 மீட்டர் உயரம் மாறுகிறது. சாலையில் ஓடும் லாரிகளின் ஓட்டுநர்கள் மலைப்பாதைகளில்கூட இவ்வளவு செங்குத்தான நெடுஞ்சரிவை அரிதாகவே சந்திப்பார்கள்.

டீசல் வண்டிக்கு இத்தகைய பாதை இருமுறை இழப்பைத் தருகிறது. ஏறும்போது எரிபொருள் எரிகிறது. இறங்கும்போதோ, நூறு டன்னுக்கு மேற்பட்ட எடை கீழ்நோக்கி இழுக்கும் ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே குளிர்விப்பு அமைப்புகளைச் சுமந்து திரிய வேண்டியும் இருக்கிறது. மலைமேல் இருந்த பாறை கீழே வரும்போது வெளிவிடும் ஆற்றல் பேரியில் அதுவரை ஒவ்வொரு நடைக்கும் இப்படித்தான் வீணாகிக்கொண்டிருந்தது. அந்த வீண் செலவைக் கண்டுகொண்டதே இத்திட்டத்தின் தொடக்கம் என்று சொல்ல வேண்டும்.

வண்டி உருவான விதம்

இ-டம்பர் புதிதாக வார்க்கப்பட்ட வண்டியன்று. ஏற்கெனவே உழைத்த கொமாட்சு எச்.டி. 605-7 வகை டீசல் டம்பர் ஒன்றின் எஞ்சினையும் எரிபொருள் தொட்டியையும் அகற்றிவிட்டு, மின்மோட்டாரையும் மின்கலத் தொகுப்பையும் பொருத்தி அதை உருவாக்கினார்கள். கூன் ஷ்வைட்ஸ், லித்தியம் ஸ்டோரேஜ் ஆகிய நிறுவனங்கள் முன்னின்று இப்பணியைச் செய்தன; பெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமும், 'எம்பா' என்ற சுவிட்சர்லாந்தின் பொருளறிவியல் ஆய்வு நிறுவனமும் துணை நின்றன. விபத்து நேர்ந்தால் மின்கலங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்ற பாதுகாப்பு ஆய்வு எம்பாவின் பொறுப்பில் இருந்தது.

வண்டியின் வெற்று எடை சுமார் 45 டன். அது ஏற்றும் பாறை 65 டன். ஆக, முழுச் சுமையுடன் 110 டன். 1,440 நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் மின்கலங்களைக் கொண்ட தொகுப்பின் எடை மட்டும் நான்கரை டன். 2017இல் திட்டம் அறிவிக்கப்பட்டபோது 700 யூனிட் கொள்ளளவு பேசப்பட்டது. பின்னர் வெளிவந்த விவரங்கள் 600 யூனிட் என்கின்றன. (இக்கட்டுரையில் யூனிட் என்பது நம் வீட்டு மின்கட்டண அட்டையில் உள்ள அதே அளவு, ஒரு கிலோவாட்-மணி.)

பழைய வண்டியின் உடலையே பயன்படுத்தியதை ஒரு சிக்கன நடவடிக்கையாக மட்டும் கருதக்கூடாது. இத்தகைய டம்பரின் எடையில் பெரும்பகுதி எஃகு. அந்த எஃகை மீண்டும் உருக்கி வார்க்காமல் விட்டதே கணக்கில் எழுதப்பட வேண்டிய ஒரு குறைப்பு. சுரங்க வண்டிகளின் சட்டகம் பல்லாண்டுகள் தாங்கக்கூடியது என்பதால், நாட்டில் ஏற்கெனவே ஓடும் டீசல் டம்பர்களை மாற்றியமைப்பது புதிய வண்டிகளை வாங்குவதைவிடப் பல இடங்களில் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

முப்பது யூனிட் ஏற, நாற்பது யூனிட் இறங்க

திட்டத்தினர் வெளியிட்ட கணக்கு எளிமையானது. வெற்று வண்டி மேலே ஏற ஏறக்குறைய 30 யூனிட் செலவாகிறது. சுமையுடன் இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகச் செயல்பட்டு ஏறக்குறைய 40 யூனிட்டைத் திருப்பித் தருகிறது. ஒரு நடைக்கு 10 யூனிட் மிச்சம். நாளொன்றுக்கு இருபது நடை என்றால் 200 யூனிட் மிச்சம். இதை முதன்முறை படிக்கும் எவருக்கும், ஆற்றலை ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்க முடியாதே என்ற ஐயம் எழுவது நியாயம். ஆகவே இந்த எண்களை இயற்பியலைக் கொண்டு சரிபார்ப்பது நல்லது.

ஒரு டன் எடையை 100 மீட்டர் உயர்த்த 0.27 யூனிட் ஆற்றல் வேண்டும். அப்படியானால் 45 டன் வண்டியை 100 மீட்டர் உயர்த்த 12.3 யூனிட். மண்பாதையில் சக்கரம் உருளுவதற்கு எதிரான தடை, இந்தச் சரிவில், மேலும் 15 விழுக்காட்டைச் சேர்க்கும் என்றும், மின்கலத்திலிருந்து சக்கரம் வரை 85 விழுக்காடு ஆற்றல் சேரும் என்றும் கொண்டால், மின்கலத்திலிருந்து 16.6 யூனிட் எடுக்க வேண்டியிருக்கும். செலவு 30 யூனிட் என்று சொல்லப்படுவதால், ஏறும் உயரம் சுமார் 180 மீட்டராக இருக்க வேண்டும் என்று நாம் உய்த்துணரலாம். இனி இறக்கம். 110 டன் எடை 180 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 54 யூனிட். உருளுதடைக்கு 15 விழுக்காட்டைக் கழித்து, எஞ்சியதில் 85 விழுக்காடே மின்கலத்தை அடையும் எனக் கொண்டால், கிடைப்பது 39 யூனிட். திட்டத்தினர் சொல்லும் 40 யூனிட்டுடன் இது பொருந்திப்போகிறது. எனவே கூற்றில் மாயம் எதுவுமில்லை. உபரியாக வரும் மின்சாரம் பாறையிலேயே இருந்தது. மலை உருவான காலத்தில் நிலவியல் விசைகள் அப்பாறையை உயர்த்தி வைத்தபோது சேமித்த ஆற்றலை, சுரங்கத் தொழில் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறது.

இதே கணக்கிலிருந்து பயனுள்ள ஓர் எல்லைக்கோடும் கிடைக்கிறது. மேற்சொன்ன இழப்புகளை வைத்துப் பார்த்தால், சுமையுடன் கூடிய எடை, வெற்று எடையைப்போல் ஏறக்குறைய 1.9 மடங்கைத் தாண்டினால்தான் ஏற்றச் செலவை இறக்க வரவு ஈடுகட்டும். பேரியில் இந்த விகிதம் 2.4. இந்த அளவு வேறுபாடு இருந்ததால்தான் உபரி கிடைத்தது. பாதி சுமையோடு இறங்கினால் விகிதம் 1.7ஆகக் குறைந்து, உபரி மறைந்து, சிறு பற்றாக்குறை தோன்றும். ஆகவே ஏற்றும் ஆளும் ஓட்டும் ஆளும் முறையாகப் பணிபுரிவது இங்கே மின்பொறியியலுக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது.

இன்னொரு கேள்வியும் எழும். ஒரு நடைக்கு 30 யூனிட்தான் செலவென்றால், 600 யூனிட் கொள்ளளவுள்ள நான்கரை டன் மின்கலம் எதற்கு? விடை இறக்கத்தில் இருக்கிறது. 110 டன் எடை, 13 விழுக்காட்டுச் சரிவில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், மின்கலத்துக்குள் பாயும் திறன் ஏறக்குறைய 400 கிலோவாட். சிறிய மின்கலத்துக்குள் இவ்வளவு வேகமாக மின்சாரத்தைச் செலுத்தினால் அது சூடேறி, ஆயுள் குறைந்து, விரைவில் பயனற்றுப்போகும். அந்தத் திறனை அமைதியாக வாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரியதாகவும், ஒவ்வொரு நடையிலும் கொள்ளளவில் சிறு பங்கையே பயன்படுத்துவதாகவும் இருந்தால்தான் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான நடைகளை அது தாங்கும். மின்கலத்தின் அளவைத் தீர்மானித்தது வண்டி போக வேண்டிய தூரமன்று. பிரேக் பிடிக்க வேண்டிய எடை.

கரியமில வாயுவின் கணக்கு

பத்து ஆண்டுகளில், ஆண்டுக்கு 3 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பாறையை இவ்வண்டி இறக்கும் என்றும், அக்காலத்தில் 5 இலட்சம் லிட்டர் டீசலும் 1,300 டன் கரியமில வாயுவும் மிச்சமாகும் என்றும் திட்டமிடப்பட்டது. ஆண்டுக்கு 50,000 லிட்டர், 130 டன். இதைவிடப் பெரிய எண்களும் செய்திகளில் உலவின; நான் குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொள்கிறேன். 3 இலட்சம் டன்னை 65 டன் சுமைகளாகப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 4,600 நடை. ஒரு நடைக்கு ஏறக்குறைய 11 லிட்டர் டீசல் மிச்சம் என்றாகிறது. ஏற்றத்துக்கு மட்டும் ஏழெட்டு லிட்டர் தேவைப்படும் என்பதும், ஏற்றுமிடத்தில் நின்றபடி ஓடும் எஞ்சின் மேலும் குடிக்கும் என்பதும் தெரிந்ததால், இம்மதிப்பீடு நம்பத்தக்கதே.

இங்கே கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. செய்திகள் யாவும் உபரி மின்சாரத்தையே தலைப்பாக்கின. ஆனால் ஒரு நடைக்கு 10 யூனிட் வீதம் ஆண்டுக்குக் கிடைக்கும் 46,000 யூனிட், கரியமில வாயுக் கணக்கில் மிகச் சிறிய இடத்தையே பெறுகிறது. சுவிட்சர்லாந்தின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்தும் அணுமின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. இறக்குமதியையும் சேர்த்து யூனிட்டுக்கு 0.1 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டாலும், அந்த உபரி ஈடுசெய்வது ஆண்டுக்கு 5 டன்னுக்கும் குறைவே. மீதமுள்ள ஆதாயம் முழுவதும் எரிக்கப்படாத டீசலிலிருந்து வருகிறது.

2019இல் ஃபார்முலா-இ என்ற மின்சாரக் கார்ப் பந்தயத்தின் ஓட்டுநர் லூக்காஸ் டி கிராஸி இவ்வண்டியை ஓட்டிப் பார்த்தார். அப்போது வெளிவந்த செய்தியில், அடிவாரத்தில் 90 விழுக்காடாக இருந்த மின்கல இருப்பு உச்சியில் 80 விழுக்காடாகக் குறைந்து, சுமையுடன் இறங்கிய பின் 88 விழுக்காட்டுக்கு உயர்ந்ததாகக் குறிப்பிடப்பட்டது. அதாவது உபரிக்குப் பதிலாக 2 விழுக்காடு, ஏறக்குறைய 12 யூனிட், பற்றாக்குறை. வேகம், சுமை, பாதையின் ஈரம், ஓட்டும் முறை ஆகியவற்றால் நடைக்கு நடை முடிவு மாறும் என்பதற்கு இது சான்று. இந்த முரண்பாட்டைக் காட்டித் திட்டம் தோற்றுவிட்டதாகச் சொல்வோர் இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. எல்லா நடைகளும் 12 யூனிட் பற்றாக்குறையுடன் முடிந்தாலும் ஆண்டுச் செலவு 55,000 யூனிட். அதனால் விளையும் கரியமில வாயு ஐந்தரை டன். 130 டன் மிச்சம் 124 அல்லது 125 டன்னாகக் குறையும், அவ்வளவே. மின்கலத்தை ஒருபோதும் வெளியிலிருந்து மின்னேற்ற வேண்டியதில்லை என்ற வியப்புக்குரிய கூற்று உண்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுற்றுச்சூழலுக்கு வேண்டிய விடை மாறுவதில்லை. செய்தியாளர்கள் வியந்த இடமும் பயன் விளைந்த இடமும் வேறுவேறு.

மின்கலத் தயாரிப்பில் வெளியாகும் வாயுவையும் கழிக்க வேண்டும். சுவீடனின் ஐ.வி.எல். சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, லித்தியம்-அயனி மின்கலத்தின் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 61 முதல் 106 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 600 யூனிட்டுக்கு 37 முதல் 64 டன். ஆண்டுக்கு 130 டன் மிச்சம் என்னும்போது, மூன்றரை மாதங்களிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இந்தக் கடன் தீர்ந்துவிடுகிறது. சுமார் 180 மீட்டர் உயரத்தை நாள்தோறும் இருபது முறை கடக்கும் வண்டி, நெடுந்தூர லாரியைவிடத் தன் மின்கலத்தை மிகக் கடுமையாக உழைக்கச் செய்வதால்தான் இது இயலுகிறது. பெரும்பாலான நேரம் நின்றிருக்கும் வண்டியில் இதே மின்கலத்தைப் பொருத்தினால் கடன் தீர ஆண்டுகள் ஆகும்.

ஆலையின் மொத்தக் கணக்கில் இதன் இடம்

ஆதாயத்தைச் சொல்லும்போது அதன் அளவையும் சொல்வது நேர்மை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுக் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்ட் ஆகும் கட்டி) ஆக்கும்போது கல்லிலேயே பிணைந்திருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. எரிபொருளால் வருவது இதற்கு மேல். பொதுவான சிமெண்ட் ஆலையில் ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 1.55 டன் மூலப்பொருள் தேவை; வேதிவினையால் மட்டும் வெளியாகும் வாயு 0.52 டன். இந்த விகிதத்தில், இ-டம்பர் ஓராண்டில் இறக்கும் 3 இலட்சம் டன் பாறையிலிருந்து சூளையில் வெளியேறும் கரியமில வாயு ஒரு இலட்சம் டன்னை எட்டும். லாரியால் மிச்சமாவது 130 டன். ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது.

இதை மறைத்துவிட்டு, மின்சார லாரியின் படத்தை முன்னிறுத்திச் சிமெண்ட் உற்பத்தி பசுமையாகிவிட்டதாகக் காட்டுவது வாசகரை ஏமாற்றுவதாகும். சூளையின் வாயுவுக்கு மருந்து வேறு: கிளிங்கரின் அளவைக் குறைத்துச் சாம்பல், கசடு, சுட்ட களிமண் ஆகியவற்றைச் சேர்ப்பது, அல்லது நார்வேயின் பிரெவிக் ஆலையில் 2025இல் தொடங்கப்பட்டதுபோல் புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமிப்பது. அதற்காகச் சுரங்கப் போக்குவரத்தின் 130 டன்னைப் புறக்கணிக்கவும் கூடாது. சூளையின் சிக்கலைத் தீர்க்க இன்னும் பல ஆண்டுகளும் பெரும் முதலீடும் வேண்டும். லாரியின் டீசலை இன்றுள்ள தொழில்நுட்பத்தால் இன்றே நிறுத்த முடியும் என்பதை இந்நிகழ்வு நிரூபித்திருக்கிறது.

சரிவு எதிர்த்திசையில் இருந்தால்

உலகின் பெரும்பாலான திறந்தவெளிச் சுரங்கங்கள் பேரியைப் போன்றவை அல்ல. அவை நிலத்தில் தோண்டப்பட்ட பள்ளங்கள். சுமை மேலே ஏற வேண்டும், வெற்று வண்டி கீழே இறங்கும். அங்கே புவியீர்ப்பு கடன்காரராக நிற்கிறது. சுவீடனில் போலிடன் நிறுவனத்தின் ஐட்டிக் செம்புச் சுரங்கத்தில் ஏற்றப் பாதையின்மேல் மின்கம்பி கட்டி, ரயில்போல அதிலிருந்து லாரி மின்சாரம் எடுத்துக்கொள்ள வழிசெய்தது இதனால்தான். சாம்பியாவின் கன்சான்ஷி செம்புச் சுரங்கத்தில் ஹிட்டாச்சி நிறுவனம் முழு மின்சார டம்பரைச் சோதித்தபோதும் மேலிணைப்புக் கம்பியையும் மின்கலத்தையும் சேர்த்தே பயன்படுத்தியது.

தமிழ்நாட்டின் சிமெண்ட் தொழிலுக்கு மையமான அரியலூர் வட்டாரமும் இந்த இரண்டாம் வகையையே சேர்ந்தது. அங்கே சுண்ணாம்புக்கல் சமவெளியில் தோண்டிய பள்ளங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. பேரியின் அதே வண்டி 50 மீட்டர் ஆழமுள்ள ஒரு பள்ளத்திலிருந்து 65 டன் கல்லை ஏற்றி வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம். மேற்சொன்ன இழப்பு அளவுகளின்படி, ஏற்றத்துக்கு மின்கலத்திலிருந்து 20 யூனிட் செலவாகும். வெற்று வண்டி இறங்கும்போது நான்கைந்து யூனிட்டே திரும்பும். நிகரச் செலவு 16 யூனிட். மின்கம்பி இழப்பையும் மின்னேற்ற இழப்பையும் சேர்த்தால், மின்நிலையத்தில் ஏறக்குறைய 19 யூனிட் உற்பத்தியாக வேண்டும். இந்திய மத்திய மின்சார ஆணையம் 2023-24ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட சராசரி, யூனிட்டுக்கு 0.727 கிலோ கரியமில வாயு. ஆக, ஒரு நடைக்கு 14 கிலோ. இதே வேலைக்கு டீசல் வண்டி ஏறக்குறைய 5 லிட்டர் எரிக்கும், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் புகைக்குழாயில் 13 கிலோ, சுத்திகரிப்பு முதலியவற்றையும் சேர்த்தால் 16 கிலோ. நிலக்கரி வெட்டி எடுப்பதில் வெளியாகும் வாயுவை நான் மின்சாரத்தின் பக்கத்தில் சேர்க்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டும் கிட்டத்தட்டச் சமநிலையில் நிற்கின்றன. பேரியில் முழுமையாக மறைந்த வாயு, சுமை ஏறும் பள்ளத்தில், நிலக்கரி மிகுந்த மின்கட்டமைப்பில் ஓரிரு கிலோ மட்டுமே குறைகிறது. மின்சார லாரி எதற்கு என்று கைவிடுவதற்கான வாதமாக இதைக் கொள்ளக்கூடாது. டீசல் வண்டி தன் ஆயுள் முழுவதும் லிட்டருக்கு 2.68 கிலோவை வெளியிட்டே தீரும். மின்சார வண்டியின் கணக்கோ மின்கட்டமைப்பு மாற மாறத் தானும் மாறும். இந்தியாவின் நிறுவப்பட்ட மின்திறனில் புதைபடிவம் சாராதவற்றின் பங்கு 2025 ஜூனில் 50 விழுக்காட்டை எட்டியது. ஆனால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு 2024-25இல் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. சுரங்கம் பகலில் இயங்குவது, தமிழ்நாட்டில் சூரிய ஒளியும் காற்றும் தாராளமாகக் கிடைப்பது ஆகியவற்றைக் கொண்டு, ஆலை தன் சொந்தச் சூரிய மின்சாரத்தால் டம்பர்களை மின்னேற்றினால், அந்த 14 கிலோவின் பெரும்பகுதி உடனே மறையும். அப்படிச் செய்யாமல் வண்டியை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

இந்திய அரசு 2025 ஜூலையில், பி.எம். இ-டிரைவ் என்ற மின்வாகன ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் முதன்முறையாக மின்சார லாரிகளுக்கு மானியம் அறிவித்தது. ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 9.6 இலட்சம் ரூபாய் வீதம் 5,600 வண்டிகளுக்கு உதவி கிடைக்கும் என்றும், துறைமுகம், எஃகு, சிமெண்ட் தொழில்கள் பயன்பெறும் என்றும் சொல்லப்பட்டது. மொத்த வாகனங்களில் 3 விழுக்காடாக உள்ள டீசல் லாரிகள் போக்குவரத்துத் துறையின் பசுங்குடில் வாயுக்களில் 42 விழுக்காட்டுக்குக் காரணம் என்ற அரசின் கணக்கு, இத்துறையைத் தேர்ந்தெடுத்ததற்குப் போதுமான நியாயம். மானியத்தின் அளவு வண்டியின் மொத்த எடையைப் பொறுத்தது. பழைய லாரியை உடைப்புக்கு அனுப்பிய சான்றும் கேட்கப்படுகிறது. பழைய வண்டி வேறோர் ஊரில் புகை விட்டுக்கொண்டு ஓடாமல் தடுக்கும் இந்த நிபந்தனை மிகச் சரியானது. வண்டி எந்த மின்சாரத்தில் ஓடப்போகிறது என்பதையும் இதேபோல் ஒரு நிபந்தனையாக்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பேரியின் பாடம் பொருந்தும் பாதைகள்

சுமை இறங்கி, வெறுமை ஏறும் பாதைகள் சுரங்கத்தில் மட்டும் இருப்பதில்லை. சுவீடனின் கிரூனாவிலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத்தாது ஏற்றி இறங்கும் மின்ரயில்கள், எல்லையிலிருந்து கடல் வரையிலான இறக்கத்தில் தாம் பயன்படுத்துவதைவிட அதிக மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தருவது நெடுங்கால நடைமுறை. லாரிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக வரும் பாதை நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலை என்று நினைக்கிறேன். உதகையில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு முதலிய காய்கறிகள் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு வருகின்றன.

6 டன் வெற்று எடையும் 10 டன் சுமையும் கொண்ட ஒரு மின்சார லாரி அச்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். உயரத்தால் கிடைக்கும் ஆற்றல் 83 யூனிட். தார்ச்சாலையின் உருளுதடைக்கும் காற்றுத்தடைக்கும் 20 யூனிட் போனால் எஞ்சுவது 63. வளைவுகளில் வெறும் பிரேக்கால் இழப்பதையும் கணக்கிட்டு அதில் 70 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மின்கலத்தில் சேரும் என்றால், 45 யூனிட் கிடைக்கும். வெற்று வண்டி திரும்ப ஏற 45 முதல் 50 யூனிட் வேண்டும். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விகிதத்தைப் பார்த்தால் (16க்கு 6) பேரியைவிடவும் சாதகம். ஆனால் சரிவு மெலிந்து தூரம் நீண்டிருப்பதால் உருளுதடை அந்தச் சாதகத்தை விழுங்கிவிடுகிறது. அரிசி, உரம் போன்றவற்றை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது; அவற்றுக்குக் கீழே மின்னேற்றம் தேவைப்படும். எனினும் அவை காய்கறி ஏற்றிக்கொண்டு திரும்பினால், இறக்கத்தில் கிடைக்கும் 45 யூனிட் அவற்றின் செலவிலும் கணிசமான பகுதியைக் குறைக்கும். இடைவிடாமல் பிரேக் பிடித்துச் சூடேறும் ஆபத்தையும் தணிக்கும்.

இத்தகைய பாதையில் வண்டியை இறக்குவதற்கு முன் மூன்று செய்திகளைத் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ள வேண்டும். மலையுச்சியில் மின்கலம் நிறைந்திருக்கக் கூடாது. நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்துக்கு இடமில்லாமல், வண்டி முழுக்கப் பழைய பிரேக்கையே நம்ப நேரும். ஆகையால் மின்னேற்ற நிலையத்தை உதகையில் வைப்பதைவிட மேட்டுப்பாளையத்தில் வைப்பதே முறை. அடுத்து, மின்கலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கொள்ளளவை மட்டும் பார்க்காமல், தொடர் இறக்கத்தில் எவ்வளவு திறனை அது ஏற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். பேரியின் 600 யூனிட் மின்கலம் சொல்லித் தருவது இதைத்தான். கடைசியாக, ஒவ்வொரு நடைக்கும் சுமையின் எடை, ஏற்றத்தில் செலவான யூனிட், இறக்கத்தில் திரும்பிய யூனிட், வெளியிலிருந்து ஏற்றிய யூனிட் ஆகிய நான்கையும் குறித்து, மானியம் பெறும் நிறுவனங்கள் அவற்றைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். இந்த நான்கு எண்கள் இருந்தால், ஒரு டன் சரக்குக்கு எத்தனை கிலோ கரியமில வாயு குறைந்தது என்பதை எந்தப் பொறியியல் மாணவரும் ஒரு மாலைப் பொழுதில் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியும்.